எண் மாறிக்கொண்டே இருந்தால் எதை நம்பிச் சட்டம் போடுவது? ஒரு ஏசி மெக்கானிக்கின் பதில்

வாசகர் கேள்வி, மும்பையை அடுத்த தானே நகரிலிருந்து, 2025 மே 3

ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி இதுவரை ஆறு பெரிய மதிப்பீட்டு அறிக்கை போட்டுவிட்டது. ஒவ்வொன்றிலும் எண் மாறுகிறது. மீத்தேன் வாயு பூமியை எவ்வளவு சூடாக்கும் என்பதற்கு ஓர் அறிக்கையில் ஒரு மதிப்பு, அடுத்ததில் வேறு மதிப்பு. முடிவுக்கு வராத கணக்கை வைத்துக்கொண்டு இதை மூடு, அதை மாற்று என்று அரசு சொன்னால் எப்படி? விஞ்ஞானிகள் முதலில் ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறம் சட்டம் போடலாம். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

மே 4, இரவு

மறுக்கிறேன். 1994ல் ஆன்டாப் ஹில்லில் ஒரு சின்னக் கடையில் கையாளாகச் சேர்ந்தேன், அன்றிலிருந்து மும்பையில் இதே ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை. சேர்ந்தபோது குளிரூட்டும் கேஸ் ஃப்ரிட்ஜில் ஆர்-12, ஜன்னல் ஏசியில் ஆர்-22. ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது, இப்போது வீட்டு ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் ஆர்-600ஏ. ஏசியில் ஆர்-22க்குப் பிறகு ஆர்-410ஏ, அதுவும் பழசாகி இன்று மாட்டுகிற புது மெஷின்களில் அதிகம் ஆர்-32தான். கேஸ் மாறும்போதெல்லாம் ஆயில் மாறும், கேஜ் மாறும், பிரஷர் மாறும், பழக்கமான கையைத் திரும்பவும் பழக்க வேண்டும். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் கணக்கு மாறியது, அதனால் ஓர் ஒப்பந்தம் மாறியது, சில வருஷம் கழித்து என் பையில் இருந்த சிலிண்டரும் மாறியது. இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

"முடிவுக்கு வரட்டும், அப்புறம் சட்டம்" என்று ஓசோன் விஷயத்தில் யாரும் காத்திருக்கவில்லை. குளிர்சாதன கேஸிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974ல் எழுதினார்கள். அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் வசந்தகாலத்தில் பயங்கரமாகக் குறைகிறது என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவர் 1985ல் அறிவித்தார்கள். மாண்ட்ரியலில் 1987 செப்டம்பர் 16ல் இந்த கேஸ்களைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்துப் போட்டபோது, அந்த ஓட்டைக்குக் காரணம் குளோரின்தானா என்று அளக்க சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. உறுதியான பதில் கையெழுத்துக்குப் பிறகுதான் வந்தது.

அவசரப்பட்டுத் தப்பாகப் போட்டார்களா? முதல் ஒப்பந்தம் கேட்டது பாதிக் குறைப்பு மட்டும். அது போதாது என்று அளவீடுகள் காட்டியதும் 1990ல் லண்டனில் முழுதாக நிறுத்துவதென்று மாற்றினார்கள், 1992ல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகளுக்கான தேதியை 1996 என்று முன்னுக்கு இழுத்தார்கள், நம் போன்ற நாடுகளுக்கு 2010. குறைந்தது நாலு வருஷத்துக்கு ஒரு முறை அறிவியலை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். எண் மாறும் என்று தெரிந்தே போட்ட சட்டம் அது.

மே 5, காலை

ஒன்று விட்டுப்போனது. எண் மாறுகிறது என்பது உண்மை, ஆனால் எந்தப் பக்கம் மாறுகிறது என்று பார்க்க வேண்டாமா? கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று அமெரிக்காவில் விஞ்ஞானி சார்னி தலைமையிலான குழு 1979ல் சொன்னது 1.5 முதல் 4.5 டிகிரி. 2021 ஐபிசிசி அறிக்கை சொல்வது 2.5 முதல் 4 டிகிரி, நடுவில் 3. நாற்பது வருஷ வேலையில் வீச்சு சுருங்கியிருக்கிறது. இரண்டு பக்க ஓரமும் நறுக்கப்பட்டிருக்கிறது, நடு இடம் அங்கேயேதான் நிற்கிறது.

மே 9

ஞாயிறு தவிர தினமும் ஏழெட்டு வீடு, மே மாதம் எங்களுக்கு அப்படித்தான். அதனால் தாமதம்.

தானே நண்பர் "ஓசோன் வேறு, வெப்பம் வேறு" என்கிறார். என் கையில் இரண்டும் ஒரே சிலிண்டரில் வந்தன. ஓசோனைக் காப்பாற்ற வந்த ஆர்-410ஏயில் குளோரின் இல்லை, ஓசோனுக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால் ஒரு கிலோ வெளியே போனால் 2,088 கிலோ கரியமில வாயு போட்ட சூட்டைப் போடும். ஆர்-32 என்றால் 675. புரொப்பேன், அதாவது ஆர்-290 என்றால் மூன்று நாலு கிலோ மட்டும்.

போன வாரம் ஒரு வேலை முடித்து மாடிப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒன்றரை டன் ஸ்ப்ளிட், உள்ளே சுமார் ஒரு கிலோ ஆர்-410ஏ. வருஷத்துக்கு ஆயிரம் யூனிட் கரண்ட் என்று வையுங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, ஆக வருஷத்துக்கு 700 கிலோ. அந்த மெஷினின் கேஸ் ஒரே தடவை முழுதாகப் போனால் 2,088 கிலோ. மூன்று வருஷக் கரண்டுக்குச் சமம், மூன்று நிமிஷத்தில்.

அது எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் விட்டிருக்கிறேன். வீடு மாற்றும்போது முறையாகச் செய்தால் பம்ப் டவுன் செய்து கேஸை வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டியில் அடைத்துவிட்டுத்தான் பைப்பைக் கழற்ற வேண்டும். கம்ப்ரசர் செத்துப்போன மெஷினில் அது முடியாது, அங்கே கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்க்கும் ரெக்கவரி மெஷின் வேண்டும். என் முதலாளியிடம் இல்லை, எனக்குச் சொந்தக் கடை வந்த பிறகும் பல வருஷம் இல்லை. குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டைத் தளர்த்துவேன், உஸ்ஸென்று போகும், குழாய் மேல் வெள்ளையாகப் பனி படியும், போய் முடிந்ததும் அடுத்த வேலை. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றுகொண்டு சீக்கிரம் என்பார். எத்தனை மொட்டைமாடி, எத்தனை ஜன்னல் என்று எண்ணிப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. இதைப் பெருமைக்காகவோ பாவமன்னிப்புக்காகவோ எழுதவில்லை. கொள்கை எங்கே போய்ச் சேராமல் நின்றது என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று மும்பைக்கே உரியது. கடல் காற்று உப்பு. கடலோரக் கட்டடங்களில் காயில் சீக்கிரம் அரித்து ஊசி ஓட்டை விழும். லீக்கைத் தேடி அடைக்கக் காசு ஆகும் என்று வருஷா வருஷம் கோடையில் "கொஞ்சம் கேஸ் அடிச்சு விடுங்க" என்பவர்கள் நிறைய. அரைக் கிலோ அடித்தால் ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். அந்த மெஷினின் ஒரு வருஷக் கரண்டைவிட அதிகம்.

மே 10

இதைப் படித்த செம்பூர் டீச்சர் அக்கா என்னைத் திருத்தியிருக்கிறார், சரியாகத்தான். ஆர்-32க்கு 675 என்பது பழைய மதிப்பு, 2007ல் வந்த ஐபிசிசி நான்காம் அறிக்கையில் இருப்பது. ஆறாம் அறிக்கையில் அது 771. அப்போ நான் ஏன் 675 எழுதினேன்? மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு வந்த கிகாலி திருத்தத்தின் அட்டவணையில் அந்தப் பழைய எண்தான் இருக்கிறது. 2016ல் ருவாண்டாவின் கிகாலியில் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற குளோரின் இல்லாத எச்எஃப்சி வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டபோது, நாடுகளின் கணக்கை ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்று நான்காம் அறிக்கை எண்களை நிலையாக எடுத்துக்கொண்டார்கள். தானே நண்பரே, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருக்கிறது. அறிவியலில் எண் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும், இருக்கவும் வேண்டும். கணக்குக்கு மட்டும் ஒன்றைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறோம். 675ஆ 771ஆ என்பதால் எது மோசம், எது பரவாயில்லை என்ற வரிசை மாறவில்லை: 410ஏ மேலே, 32 நடுவில், புரொப்பேன் அடியில்.

மே 10, மறுபடியும்

இல்லை, நான் மேலே எழுதியது கொஞ்சம் அவசரம். வரிசை மாறாவிட்டாலும் இடைவெளி மாறும், அதற்குக் காரணம் அறிவியல் பிழை இல்லை, நாம் எந்தக் கால அளவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது. 675 என்பது நூறு வருஷத்துக்குச் சராசரி போட்டது. ஆர்-32 காற்றில் ஐந்து வருஷம் போலத்தான் தங்கும். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் அதன் மதிப்பு 2,300க்கு மேல். இரண்டுமே சரியான அளவீடு. இருபதைப் பார்ப்பதா, நூறைப் பார்ப்பதா என்று எந்த ஆய்வுக்கூடமும் நமக்குச் சொல்லாது. நம் பிள்ளைகள் நாற்பது வயதில் படப்போவதையா, பேரப்பிள்ளைகளின் காலத்தையா, எதை முதலில் வைப்பது என்ற கேள்வி அது, நாம்தான் முடிவு செய்ய வேண்டும். "விஞ்ஞானம் சொல்லிவிட்டது" என்று அரசியல்வாதி இந்த முடிவை மறைத்தால் அது எனக்கும் பிடிக்காது. இதில் தானே நண்பருடன் நான் பாதி ஒத்துப்போகிறேன்.

மே 18

இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பையனுக்கும் நான் சொல்லும் கதை இது, இங்கேயும் எழுதி வைக்கிறேன். பருவநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன், சென்னையில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தார். முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில். ஃப்ரிட்ஜிலிருந்து கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. லீக் தேடும் வேலை! நான் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறேனே, அதே கேள்வி. அப்புறம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. 1975ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் ஆர்-12 போன்ற கேஸ்கள் ஓசோனை மட்டுமல்ல, பூமியின் சூட்டையும் பாதிக்கும் என்று முதலில் காட்டியது: அவற்றின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுக்கு மேல் சமம். அதுவரை வெப்பம் என்றால் கரி, பெட்ரோல் என்றுதான் பேச்சு.

1975ல் தெரிந்தது. அந்தச் சூட்டைக் காரணமாக வைத்தே குளிர்சாதன கேஸ்களின் தயாரிப்பைக் குறைக்க உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டது 2016ல், கிகாலியில். நாற்பத்தொரு வருஷம். தானே நண்பர் இன்னும் காத்திருக்கச் சொல்கிறார்.

மே 27

நேற்றே மழைக்காலம் வந்துவிட்டதாக வானிலைத் துறை அறிவித்துவிட்டது. மே 26. மும்பைக்கு வழக்கமான தேதி ஜூன் 11. இவ்வளவு முன்னதாக இங்கே வந்ததாகப் பதிவே இல்லை என்கிறார்கள். கோலிவாடாவில் முழங்கால் தண்ணீர், என் வேலை ஒரே நாளில் பாதியாகிவிட்டது. ஒரு வருஷ மழையை வைத்துப் பருவநிலை மாற்றம் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது தப்பு, பல வருஷம் சேர்த்துப் பார்த்தால்தான் பேச முடியும். வேலை குறைந்ததால் நாலு வரி கூட எழுத முடிகிறது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் எச்எஃப்சி-23 பற்றி. ஆர்-22 தயாரிக்கும்போது கழிவாக வருவது இது, சூடாக்கும் மதிப்பு ஆர்-32க்கு 675 என்றால் இதற்கு 14,800. ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் இதை எரித்து அழித்தால் தொழிற்சாலைக்குக் கார்பன் கிரெடிட், அதாவது வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான விற்கக்கூடிய சான்று, கிடைத்தது. எரிக்கும் செலவோ கம்மி, கிரெடிட்டில் வரும் காசோ கொள்ளை. அதனால் சில தொழிற்சாலைகள் கழிவுக்காகவே ஆர்-22 அதிகம் தயாரித்ததாகப் புகார் எழுந்து, 2013ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கிரெடிட்டை ஏற்க மறுத்தது. அறிவியல் எண் சரியாகத்தான் இருந்தது. காசை எங்கே கட்டினார்கள் என்பதில் தப்பு. 2016 அக்டோபரில் இந்திய அரசு, தயாரிப்பாளர்கள் சொந்தச் செலவில் எரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதுதான் முறை.

ஜூன் 12

நேற்று முன்தினம் மத்திய அமைச்சர் சொன்னதைப் பார்த்திருப்பீர்கள், ஏசியை 20க்குக் கீழும் 28க்கு மேலும் வைக்க முடியாதபடி விதி கொண்டுவரப் போகிறார்களாம். இன்று போன வீட்டில் எல்லாம் இதே கேள்வி. "16 வேலை செய்யாதா அண்ணாச்சி?"

என் அனுபவத்தில் மும்பையில் 16 வைப்பவர்களில் பாதிப் பேருக்குத் தேவை 16 இல்லை, ஃபில்டர் அடைத்துக் கிடக்கும், அவுட்டோர் சந்தில் மூச்சுத் திணறும், அறை குளிரவில்லை என்று எண்ணைக் கீழே தள்ளிக்கொண்டே போவார்கள். 2020 ஜனவரியிலிருந்து புது மெஷின் 24ல் திறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. யாரையும் தடுக்காத விதி, ரிமோட்டில் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் குறைக்காமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. நல்ல விதி. ஆனால் எனக்கு ஆதங்கம் என்னவென்றால், ரிமோட்டில் தெரியும் எண்ணுக்கு நாடே பேசுகிறது, அவுட்டோரில் தெரியாமல் போகும் கிலோவுக்கு ஒரு வார்த்தை கூட இல்லை.

ஜூன் 13

முலுண்ட் தம்பி கேட்கிறார்: "கரி எரிப்பதை விட்டுவிட்டு ஏன் துளித் துளியாகக் கேஸைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" நியாயமான கேள்வி. மும்பை மாநகராட்சியின் 2022 பருவநிலைத் திட்டத்தில் 2019க்கான நகரத்தின் வெளியேற்றம் 2.34 கோடி டன், அதில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் மின்சாரமும் எரிபொருளும், மின்சாரத்தில் பெரும்பகுதி கரி. 2050ல் நிகர பூஜ்யம் என்பது இலக்கு. கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும், சேர்ந்துகொண்டே போகும், அதை நிறுத்தாமல் எதுவும் ஆகாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் அந்த நகரக் கணக்கில் பிரிவு மூன்று: ஆற்றல், போக்குவரத்து, குப்பை. நான் திறந்துவிட்ட கேஸ் இந்த மூன்றில் எதிலும் இல்லை. எண்ணாததைக் குறைக்க முடியாது. கிகாலியும் எண்ணுவது தயாரிப்பையும் இறக்குமதியையும்தான், ஏற்கெனவே மாட்டியிருக்கும் மெஷினுக்குள் இருக்கும் கேஸை இல்லை. இந்தியா 2021ல் ஏற்றுக்கொண்டபடி 2028ல் உச்சவரம்பு, 2032ல் 10 சதவீதக் குறைப்பு, 2047ல் 85 சதவீதம். அந்தச் சதவீதம் எதன்மேல்? 2024, 25, 26 ஆகிய மூன்று வருஷ எச்எஃப்சி சராசரியோடு, ஆர்-22 வகை கேஸ்களின் பழைய அடிப்படையில் 65 சதவீதம் சேர்த்த அளவின் மேல். அதாவது அந்தச் சராசரியில் இந்த 2025ம் சேரும். இப்போது அதிகம் பயன்படுத்தினால் அடிப்படை ஏறும், நாளைக்கு அனுமதியும் ஏறும். இதை யாரும் பேசுவதில்லை. நாட்டில் வருஷத்துக்கு ஒரு கோடிக்கு மேல் புது ஏசி விற்கிறது, ஒவ்வொன்றின் வயிற்றிலும் கேஸ். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அத்தனையும் ஒரு மெக்கானிக் கைக்கு வரும்.

ஜூன் 29

செய்து பார்க்காமல் பேசக் கூடாது என்று இந்த மாதம் பழைய ரெக்கவரி மெஷின் ஒன்று வாங்கினேன். இதுவரை பதினொரு வேலையில் போட்டுப் பார்த்துவிட்டேன். விவரம் எழுதுகிறேன், தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

மெஷினும் சிலிண்டரும் தராசும் சேர்த்துத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும், லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி என்றால் இரண்டு தடவை ஏற வேண்டும். ஒரு மெஷினுக்கு முப்பது நாற்பது நிமிஷம் கூடுதல். பதினொரு வீட்டில் இரண்டு பேர் மட்டும் அதற்குத் தனியாகப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள், இருவருமே வயதானவர்கள், காரணம் சொன்னதும் சரி என்றார்கள். மற்றவர்கள் "பக்கத்து மெக்கானிக் அப்படியே கழற்றுவார்" என்றார்கள். உண்மைதான், கழற்றுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானே அவராக இருந்தேன்.

சிலிண்டரை எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, ஆர்-410ஏக்கு ஆர்-22 சிலிண்டரைப் பயன்படுத்தவே கூடாது, பிரஷர் ஒன்றரை மடங்குக்கு மேல்.

இத்தனை கஷ்டத்துக்குப் பிறகு சேர்ந்த கேஸை என்ன செய்வது? சுத்திகரித்துத் திரும்ப விற்கலாம் என்று படித்திருக்கிறேன். கேட்ட மூன்று இடத்திலும் வாங்க மாட்டோம் என்றார்கள். ஆக, சட்டையில் வேர்வை, தோளில் வலி, கையில் விலை போகாத சிலிண்டர். 2019ல் வந்த தேசியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்று சொன்னது. பயிற்சி நல்லது, 2000களில் ஆர்-12 போனபோது இலவசப் பயிற்சிக்குப் போய்த்தான் நான் வாக்யூம் பம்பின் அருமையைத் தெரிந்துகொண்டேன். ஆனால் பயிற்சி முடிந்து மாடிக்கு வரும் பையனுக்கு, கேஸைத் திருப்பிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை வேண்டும். காலி கண்ணாடி பாட்டிலுக்கு விலை உண்டு, பழைய பேப்பருக்கு உண்டு, செம்புக் குழாய்க்குக் கிராம் கணக்கில் உண்டு. அதனால்தான் ஒரு துண்டு செம்பு மும்பையில் வீணாவதில்லை. இரண்டு டன்னுக்குச் சமமான கேஸுக்கு விலை இல்லை. புது மெஷின் விற்கும்போதே வைப்புத்தொகை மாதிரி கொஞ்சம் வாங்கி வைத்து, கேஸ் திரும்பி வரும்போது மெக்கானிக் கையில் கொடுத்தால் போதும். அறிவியலிலிருந்து என் ஸ்பேனர் வரைக்கும் ஒரு பாதை போட அது ஒன்று வேண்டும்.

ஜூன் 30

மேலே எழுதியதில் ஒரு திருத்தம், எனக்கு வருத்தமான திருத்தம். முதல் நாலு வேலையில் ஆர்-22ஐயும் 410ஏயையும் ஒரே சிலிண்டரில் சேர்த்திருக்கிறேன். கலந்த கேஸைச் சாதாரணமாகச் சுத்திகரிக்க முடியாது, பெரும்பாலும் எரித்து அழிக்கத்தான் முடியும். செம்பூர் அக்காவின் தம்பி இதே தொழிலில் குளிர்பதனக் கிடங்குகளில் இருப்பவர், அவர்தான் போனில் சொன்னார். ஆக, வாங்க மறுத்தவர்களில் ஒருவராவது சரியான காரணத்தோடுதான் மறுத்திருக்கிறார், நேற்று அவரைப் பற்றிக் கசப்பாக எழுதிவிட்டேன். இப்போது கேஸுக்கு ஒரு சிலிண்டர், மேலே பெயிண்டில் பெயர்.

ஜூலை 6

தானே நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார்: மாடியில் யார் என்ன செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும், சட்டம் போட்டு என்ன?

காற்றுக்குத் தெரியும். 2018ல் ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். 2010லேயே உலகம் முழுக்க தயாரிப்பு நின்றிருக்க வேண்டிய சிஎஃப்சி-11 என்ற ஓசோனை அழிக்கும் கேஸ், குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை, யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள். அடுத்த வருஷம் கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானின் ஹதெருமா தீவிலும் இருக்கும் அளவு நிலையங்களின் பதிவை வைத்து, கிழக்குச் சீனாவின் இரண்டு மாகாணங்களைச் சுட்டிக்காட்டினார்கள். நுரைப் பொருள் தயாரிப்புக்குத் திருட்டுத்தனமாக. நடவடிக்கை எடுத்தார்கள், 2019க்குள் வெளியேற்றம் திரும்ப இறங்கியதைக் காற்றே காட்டியது. எந்த நாடும் அறிக்கையில் அதை எழுதவில்லை. தீவில் ஒரு குழாய் காற்றை உறிஞ்சி எழுதியது. எச்எஃப்சி-23லும் அப்படித்தான், குறைத்துவிட்டோம் என்று அறிக்கைகள் சொன்ன பிறகு, 2018ல் அது எப்போதும் இல்லாத உயரத்தில் இருந்ததாக 2020ல் ஆய்வு வந்தது. அந்த அறிக்கைகள் கொடுத்த நாடுகளில் நாமும் ஒன்று.

அதனால்தான் சொல்கிறேன், அளக்கிறவர்களை முடிவுக்கு வாருங்கள் என்று விரட்டாதீர்கள். அவர்கள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் அந்தக் குழாயைப் பார்ப்பது யார்?

நேற்று முலுண்டில் ஒரு பழைய ஜன்னல் ஏசி இறக்கினேன், ஆர்-22. சர்வீஸ் வால்வு இல்லாத மாடல், குழாயைக் குத்தும் வால்வு போட்டு எடுக்க வேண்டியிருந்தது. எழுநூறு கிராம் வந்தது. சிலிண்டரில் தேதியோடு எழுதிவிட்டேன்.